ஜூனில் குழி வெட்டாதீர்கள், விதை பொறுக்குங்கள்

மரக்கன்று நடும் திட்டங்களுக்கு ஆண்டு இலக்கு எழுதுகிற வனத்துறை, ஊரக வளர்ச்சித்துறை அதிகாரிகளுக்கும், பள்ளிகளில் பசுமைப்படை நடத்துகிற ஆசிரியர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்வெட்டியோடு வந்து நிற்கிற இளைஞர் குழுக்களுக்கும்,

வணக்கம்.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலைக்குப் பக்கத்து ஊரில் பதினோரு வருடமாக ஒரு சின்ன நாற்றங்கால் வைத்திருக்கிறேன். வருடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் கன்றுதான் வரும். எல்லாமே இந்தக் கடலோர மண்ணுக்கு உரிய மரமும் புதரும். உங்களிடம் கேட்க என்னிடம் ஒரே ஒரு விஷயம் இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதம் நம் பக்கத்தில் விதை எடுக்கிற மாதம். உங்கள் நிதியும் ஆளும் உத்தரவும் அந்த மாதத்தில் விதைக்காக இறங்க வேண்டும், குழி வெட்டுவதற்காக இறங்கக்கூடாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வருடா வருடம் ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்துக்கு இங்கே நூற்றுக்கணக்கில் கன்று நடப்பட்டு, ஆகஸ்டுக்குள் முக்கால்வாசி காய்ந்துபோவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அதற்கு அடுத்தது ஜூலை முதல் வாரம் வன மகோத்சவம். 1950இல் கே.எம். முன்ஷி மத்திய அமைச்சராக இருந்தபோது தொடங்கியது அது, தென்மேற்குப் பருவமழை இறங்குகிற ஊர்களுக்குப் பொருத்தமான தேதி. வால்பாறைக்குச் சரி, கூடலூருக்குச் சரி. ஆனால் சோழமண்டலக் கரையில் அக்னி நட்சத்திரம் முடிந்தபிறகும் ஜூன் முழுக்க வெயில் மண்டையைப் பிளக்கும், நமக்கு முக்கியமான மழை ஐப்பசி கார்த்திகையில்தான். ஜூனில் நட்ட கன்று நாலு மாதம் குடத்துத் தண்ணீரை நம்பி உயிரோடு இருக்க வேண்டும், அந்தக் குடத்தைத் தூக்க ஆள் யாரும் நியமிக்கப்படுவதில்லை. ஐப்பசியில் முதல் நல்ல மழை இறங்கியதும் நட்டால் வேர் பிடிக்க இரண்டு மாத ஈரம் சும்மா கிடைக்கிறது.

சரி, அப்போது ஜூனில் என்ன நடக்கிறது? வைகாசிக் கடைசியிலிருந்து ஆடிவரை இந்தப் பக்கத்து மரங்களில் பலவும் பழுத்துக் கொட்டுகிற காலம். இலுப்பை, வேம்பு, நாவல், உலக்கைப்பாலை, களா எல்லாம் அந்தச் சில வாரங்களுக்குள் வந்துபோய்விடும், கொஞ்சம் தள்ளி பனங்கொட்டை விழ ஆரம்பிக்கும். இவற்றில் பல விதைகளுக்குக் காத்திருக்கத் தெரியாது. நெல்லைப்போலக் காயவைத்து டப்பாவில் போட்டு மூடி, பணம் வந்ததும் எடுத்துப் போடலாம் என்கிற பேச்சுக்கே இடமில்லை. வேப்பங்கொட்டையைச் சதை போகக் கழுவி நிழலில் உலர்த்தி இரண்டு வாரத்துக்குள் போட்டால் நன்றாக வருகிறது, மாதக்கணக்கில் போட்டு வைத்தால் வெறும் எண்ணெய்க்குத்தான் ஆகும். நாவலும் அப்படித்தான். நாவலில் இன்னொரு அழகு உண்டு, ஒரே கொட்டையிலிருந்து இரண்டு, மூன்று முளைகூட வரும், ஒன்றை வைத்துவிட்டு மற்றதைப் பக்குவமாகப் பிரித்து வேறு பையில் வைக்கலாம்.

இலுப்பையைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் ஏரிக்கரையில் மூன்று பழைய மரங்கள் இருக்கின்றன, கோயில் விளக்குக்கு எண்ணெய் கொடுத்த காலத்து மரங்கள். ஆனி மாதம் இரவெல்லாம் வௌவால் வந்து பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் கீழே போட்டுவிட்டுப் போகும். விடிந்ததும் போனால் தரையில் பளபளவென்று காப்பி நிறத்தில், எண்ணெய் தடவியதுபோல, படகு மாதிரி வளைந்த கொட்டைகள் சிதறிக் கிடக்கும். எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தவர் தெருவில் எல்லோரும் ஆயா என்று கூப்பிடுகிற ஒரு வயதானவர். "வௌவால் தின்னுட்டுப் போட்டத எடுடா, அதுக்குத் தெரியும் எது பழுத்துதுன்னு. நீ கல்ல வுட்டு அடிச்சிக் கொட்டுனா பிஞ்சும் சேந்து வரும்" என்றார். முதல் வருடம் நான் அவர் பேச்சைப் பாதிதான் கேட்டேன். நல்ல கொட்டையாகப் பொறுக்கி, பை வாங்கப் பணம் இல்லாததால் ஒரு தகர டின்னில் போட்டு மூடிவைத்தேன். ஒன்றரை மாதம் கழித்துத் திறந்தபோது சிக்கெண்ணெய் வாசம் முகத்தில் அடித்தது, முந்நூறு போட்டதில் ஒன்றுகூட முளைக்கவில்லை. அடுத்த வருடம் காலையில் பொறுக்கியதை அன்று மாலையே தாய்ப்பாத்தி மணலில் பதித்தேன், மூன்று வாரத்துக்குள் பாத்தி முழுக்கச் சிவந்த முளை. கொட்டை அதே மரத்தினுடையது, கையும் என் கைதான். அந்த ஆறு வாரம்தான் வித்தியாசம்.

இந்த ஆறு வாரம்தான் உங்கள் ஒவ்வொரு திட்டத்திலும் தொலைந்துபோகிறது. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, ஒப்புதல் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய், நாற்றங்காலுக்குப் பை வாங்கப் பணம் வரும்போது ஆவணி ஆகிவிடுகிறது. அப்போது மரத்தடியில் ஒன்றும் கிடைக்காது, ஆனால் இலக்கு மட்டும் இருக்கிறது. கையில் கிடைத்த விதையைத்தானே போட முடியும்? பெருங்கொன்றை, குல்மோகர், தூங்குமூஞ்சி, மகாகனி இதெல்லாம் வெளியே வாங்கினால் மூட்டையாகக் கிடைக்கும், சீக்கிரம் உயரும், பார்க்கவும் நன்றாக இருக்கும். குல்மோகர் மடகாஸ்கர் மரம், தூங்குமூஞ்சியும் மகாகனியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. இவற்றை யாரும் வேண்டுமென்று தேர்ந்தெடுப்பதாக நான் நினைக்கவில்லை. விதை எடுக்கிற வாரத்தில் பணமும் ஆளும் இல்லாததால் மிஞ்சுவது இவைதான்.

2022 செப்டம்பர் 24 அன்று பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியபோது நான் மிகவும் சந்தோஷப்பட்டேன், இன்றும் அந்தச் சந்தோஷம் இருக்கிறது. மாநிலத்தின் பசுமைப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33க்குக் கொண்டுபோவது பெரிய வேலை, அதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் சதவீதத்தை எண்ணுகிற கணக்கில் எந்த மரம், யாருடைய விதை என்ற கேள்வி விழுந்துவிடக்கூடாது. நான் பார்த்த நாற்றங்கால் பதிவேடுகளில் இனம், எண்ணிக்கை, உயரம் என்று மூன்று கட்டம் இருந்தது. விதை எங்கே எடுத்தது, எந்த மாதம், எத்தனை தாய்மரம் என்று எழுத இடமே இல்லை. இந்த ஒரு கட்டத்தைச் சேர்த்துவிடுங்கள், செலவே இல்லாத காரியம். எழுத வேண்டும் என்ற கட்டாயம் வந்தால் தேடிப் போகவேண்டிய கட்டாயமும் வரும்.

தாய்மரம் என்று சொல்லும்போது ஒன்று. ஒரே மரத்தடியில் ஐயாயிரம் விதை கிடைக்கிறது என்று அங்கேயே பொறுக்கி முடித்துவிடுவது எல்லோரும் செய்கிற தப்பு, நானும் செய்தேன். அந்த ஐயாயிரமும் ஒரு தாய்ப் பிள்ளைகள். ஒரு நோய் வந்தால், ஒரு வறட்சி வந்தால், எல்லாம் ஒன்றுபோலத் தாங்கும் அல்லது ஒன்றுபோலச் சாயும். ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கிற பதினைந்து இருபது மரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலக்க வேண்டும். அதற்கு நடக்க வேண்டும், நடக்கிற ஆளுக்குக் கூலி கொடுக்க வேண்டும். ஆடு மேய்க்கிறவர்கள், சுள்ளி பொறுக்குகிற அக்காமார்கள், ஏரிக்கரையில் நூறு நாள் வேலை பார்க்கிறவர்கள், இவர்களுக்கு எந்த மரம் என்றைக்குப் பழுக்கும் என்று தெரியும். விதை பொறுக்குவதை வேலையாகக் கணக்கில் எடுத்துக் கூலி போட்டால், மூன்று வாரத்தில் ஒரு வட்டாரத்துக்கு வேண்டிய விதை வந்து சேரும்.

மரத்தைத் தேடி ரொம்ப தூரம் போகவும் வேண்டாம். புதுச்சேரியிலிருந்து மரக்காணம் வரும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு இருக்கிறது. காசான், வீரை என்று இந்தக் கரைக்கு உரிய மரங்கள் இன்னும் தழைத்து நிற்கிற இடம். அந்தப் பக்கம் கோடியக்கரைவரை இதே வகைக் காடு துண்டு துண்டாக மிஞ்சியிருக்கிறது. வருடத்தில் பாதி மாதம் மழையே இல்லாமலும் இலை உதிர்க்காமல் பச்சையாக நிற்கிற காடு இது. மிஞ்சியதில் பெரும்பகுதி மிஞ்சியது சாமி பயத்தால்தான், ஐயனார் காட்டில் ஒரு குச்சிகூட ஒடிக்கமாட்டார்கள். கீழே விழுந்த விதையைப் பூசாரியிடம் சொல்லிவிட்டு, பறவைக்கும் எறும்புக்கும் மண்ணுக்கும் போக மீதியில் கொஞ்சம் எடுத்தால் யாரும் தடுப்பதில்லை, எனக்கு ஒருமுறைகூட மறுத்ததில்லை. 1968க்குப் பிறகு ஆரோவில்காரர்கள் செம்மண் கட்டாந்தரையாகக் கிடந்த மேட்டைப் பச்சையாக்கியபோது, உள்ளூர்க் காட்டை மீட்க இந்தக் கோயில் காடுகளிலிருந்துதான் விதை எடுத்தார்கள். கண்ணுக்கு எதிரே நடந்து முடிந்த வேலை அது.

காசானைப் பற்றி நினைத்தாலே எனக்கு ஆற்றாமையாக இருக்கும். பாட்டில் வருகிற காயா இதுதான். காயாம்பூ வண்ணன் என்று பெருமாளைப் பாடுகிறோம், சங்கப் பாட்டிலும் காயா வருகிறது, அந்தப் பூ கிளையை ஒட்டிக் கொத்துக் கொத்தாக நீலமாகப் பூத்து நிற்பதை நேரில் பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர்? எந்த அரசு நாற்றங்காலிலும் எனக்கு ஒரு காசான் கன்று கிடைத்ததில்லை. மெதுவாக வளரும் என்பார்கள். ஆமாம், மெதுவாகத்தான் வளரும்.

மெதுவாக வளர்வதை வளர்க்க நமக்குத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. சப்போட்டா ஒட்டுக்கன்று வாங்குகிறோமே, அதன் வேர்ச்செடி உலக்கைப்பாலைதான். இதே காட்டு மரத்தின் விதையைப் போட்டு, தண்டு ஒட்டுக்கட்டுகிற பருமனுக்கு வர இரண்டு வருடம்வரை பொறுமையாகத் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் சப்போட்டாவைக் கட்டுகிறார்கள். தோட்டக்கலைப் பண்ணைகள் பல காலமாகச் செய்கிற வேலை. சப்போட்டாவுக்குக் காலாக இரண்டு வருடம் காத்திருக்க முடிந்தால், பாலைக்குப் பாலையாகவே நிற்க அதே இரண்டு வருடத்தைக் கொடுக்கலாம். இலக்கை ஒரே வருடத்துக்கு எழுதாமல் சில இனங்களுக்கு இரண்டு, மூன்று வருடமாக எழுதுங்கள். வீரைக்கு ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஓர் இடத்தில் இரண்டு கன்று வைத்துவிட்டுக் காய்க்கும் என்று எதிர்பார்க்க முடியாது, கூட்டமாக வைத்தால்தான் நாளைக்கு அங்கேயே விதை விழும்.

உயரம் என்ற அந்தக் கட்டத்தைப் பற்றியும் பேச வேண்டும். நாலு வருடத்துக்கு முன் ஒரு அலுவலகத்திலிருந்து எங்கள் ஊருக்கு நூற்றைம்பது புங்கன் கன்று வந்தது, ஒவ்வொன்றும் ஆளுயரம், எல்லோருக்கும் சந்தோஷம். நடும்போது பையைக் கிழித்தால் அடியில் வேர் சுற்றிச் சுற்றி ஜிலேபி மாதிரி இறுகிக் கிடந்தது. எத்தனை வருடம் அந்தப் பையில் நின்றதோ தெரியாது. சிலவற்றில் வேரை வெட்டி விரித்து வைத்தேன், மற்றவர்கள் அப்படியே வைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு காற்று மழையில் எட்டுப் பத்து மரம் வேரோடு சாய்ந்தது, தூக்கிப் பார்த்தால் வேர் இன்னும் பை வடிவத்திலேயே இருந்தது, ஒரு சாண் தள்ளிக்கூடப் போகவில்லை. சின்னக் கன்று பரவாயில்லை, வேர் நேராக இறங்கியிருந்தால் போதும். பையை மாதத்துக்கு ஒரு தடவை இடம் மாற்றி, அடியில் வெளியே வந்த வேரை நறுக்கிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், பைக்கு மிஞ்சி வளர்ந்ததைப் பெரிய பைக்கு மாற்ற வேண்டும், அதற்கும் கூலி எழுதுங்கள்.

அப்புறம் விதைப்பந்து. பிள்ளைகள் ஆசையாக உருட்டுகிறார்கள், அந்த ஆசையை நான் மதிக்கிறேன், ஆனால் வேப்பங்கொட்டையை மண்ணில் உருட்டிக் காயவைத்து, விழாவுக்கு முக்கிய விருந்தினர் தேதி கொடுக்கும்வரை மூட்டையில் வைத்திருந்தால் உள்ளே இருப்பது செத்த விதை. ஆசிரியர்களே, அந்தப் பிள்ளைகளுக்கு வேறு வேலை கொடுங்கள். சரக்கொன்றைக் காய் முழநீளக் குழலாகக் கறுத்துத் தொங்கும், அதை உடைத்தால் தட்டுத் தட்டாகப் பிசின்போல ஒட்டுகிற சதைக்குள் விதை இருக்கும். இது காத்திருக்கத் தெரிந்த விதை, ஓடு அவ்வளவு கெட்டி, சும்மா போட்டால் ஒன்று இன்றைக்கு, ஒன்று ஆறு மாதம் கழித்து என்று முளைக்கும். ஒரு நகவெட்டியை எடுத்து, காம்புப் பக்கம் விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்து ஓரத்தில் பொடியாக ஒரு துணுக்கு மட்டும் நறுக்கி, இரவு தண்ணீரில் போடச் சொல்லுங்கள். காலையில் நறுக்கிய விதை ஒன்றுக்கு இரண்டாக ஊதி மெத்தென்று இருக்கும், நறுக்காதது அப்படியே கல்லாகக் கிடக்கும். இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்த பிள்ளை அதை மறக்காது, நான் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு செய்து பார்த்திருக்கிறேன். வாகை விதைக்குக் கொதித்து இறக்கிய வெந்நீர் ஊற்றி ராத்திரி ஊறவிட்டாலே போதும். புன்னைக்கு மேலோட்டை மெல்லத் தட்டி உடைத்துப் போட்டால் சீக்கிரம் வரும்.

விதையே போடாமல், போத்து என்கிற வெட்டிய கொம்பை நட்டாலே வருகிற மரங்களும் இருக்கின்றன, அதை மறுக்கவில்லை. ஒதியன், பூவரசு, கல்யாண முருங்கை, கிளுவை எல்லாம் கொம்பு வெட்டி வைத்தால் துளிர்ப்பவை. கொங்கு நாட்டில் காங்கேயம் பக்கம் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்துக்கு உயிர்வேலியே கிளுவைதான். நொச்சியை விரல் பருமனில் ஒரு சாண் நறுக்கி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி வைத்தால் மழைக்காலத்தில் பிழைத்துவிடும். ஆலமரத்துக் கொம்பு என்றால் பால் வடிந்து காய இரண்டு நாள் நிழலில் போட வேண்டும். போத்தின் மேல்வெட்டில் சாணி உருண்டை வைப்பது ஈரம் போகாமலிருக்க. எந்தப் பக்கம் கீழ் என்று வெட்டும்போதே அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும், அடியைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டினால் குழப்பம் வராது. வேலிக்கும் ஏரிக்கரைக்கும் இது அருமையான வழி. ஆனால் நூறு போத்தையும் ஒரே மரத்தில் வெட்டினால் நூறும் அந்த ஒரே மரம்தான், ஆணி வேரும் இருக்காது. நெடுநாள் நிற்கவேண்டிய பெரிய மரத்துக்கு விதைதான் முதல் வழி, போத்து அதற்குத் துணை.

புதரை மறந்துவிடாதீர்கள். களா, நொச்சி, ஆவாரை, ஆதண்டை, சூரை இதெல்லாம் இலக்குப் பட்டியலில் மரம் என்று கணக்காவதில்லை, அதனால் யாரும் வளர்ப்பதில்லை. முள்ளும் புதருமாக இருக்கிற இடத்தில்தான் ஆடு வாய் வைக்காமல் சின்னக் கன்று தப்பிக்கிறது, பழம் தின்ன வருகிற கொண்டைக்குருவி வேறு மரத்து விதையைக் கொண்டுவந்து போடுகிறது. நூறு கன்றில் நாற்பதாவது புதராக இருக்கட்டும் என்று ஒரு வரி எழுதுங்கள்.

நான் கேட்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த ஆனியில் பொறுக்கிய இலுப்பை அடுத்த ஐப்பசியில் நடுகிற பக்குவத்துக்கு வரும், பாலைக்கும் வீரைக்கும் இன்னும் ஒரு ஐப்பசி வேண்டும். அதற்கு வேண்டிய பையும் மண்ணும் கூலியும் சித்திரைக்குள் நாற்றங்காலில் இருக்க வேண்டும், அதாவது முந்தைய நிதியாண்டிலேயே அந்தத் தொகை ஒதுக்கி வைக்கப்பட வேண்டும். சுற்றுச்சூழல் தினத்தையும் விட்டுவிட வேண்டாம். அன்றைக்கு ஆட்சியர் வரட்டும், பிள்ளைகள் வரட்டும், குழிக்குப் பதிலாக மரத்தடிக்கு வரட்டும்.

எங்கள் ஏரிக்கரை இலுப்பை ஆனி முதல் வாரத்தில் கொட்ட ஆரம்பிக்கும். ஆடு ஓட்டிக்கொண்டு வருவதற்கு முன்பே, காலை ஆறு மணிக்குள் வந்துவிடுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு துணிப்பை போதும், பிளாஸ்டிக் பை வேண்டாம், விதை புழுங்கிவிடும். தாய்ப்பாத்தி மணலை நான் முதல் நாளே நனைத்து வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
மரக்காணம் சாலைப் பக்கத்து நாற்றங்கால்காரன்